ஆறு மணி வரை மறுப்பில்லை

உலக அமைப்புகளிடமிருந்து வரும் எந்தத் தாளையும் அயான்லே கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். அச்சிட்டு, கட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, இடது கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளிக்கொண்டே வருவார். கெடு எப்போதும் பின்னால்தான் ஒளிந்திருக்கும். கண்டதும் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். அதற்கப்புறம்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளையும் அவர் வேறு மாதிரி படித்ததில்லை.

ஜிபூட்டி என்ற சின்ன நாட்டில் அவர் வேலை பார்த்த அரசுக் கடல் பிரிவில் மொத்தம் மூன்று பேர்: இயக்குநர் ஹூமெட், அயான்லே, ஓர் ஓட்டுநர். பெரிய நாடுகள் ஒரு தாளுக்கு ஓர் அறை நிறைய ஆள் வைத்திருந்தன. இங்கே மீன், கழிவு, பவளப்பாறை, கப்பல் என்று பதினான்கு அமைப்புகளின் தாளும் ஒரே மேசைக்கு வந்தது. வருடாந்திரக் கூட்டத்துக்கும் அவர் ஒருவர்தான் போவார். ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் பேச்சு நடக்கும். மூன்றிலும் நாட்டின் பெயர்ப்பலகை இருக்கும். இரண்டில் அதற்குப் பின்னால் காலி நாற்காலி.

அப்படிப்பட்ட கூட்டங்களில் நான்கு வருடம் அலைந்து அவர் ஒரே ஒரு வாக்கியத்தைக் கப்பல் ஒப்பந்த வரைவுக்குள் கொண்டுவந்திருந்தார். கப்பல் கொட்டும் எண்ணெயை அள்ளுகிற செலவு அந்தக் கப்பலுக்கே உரியது. அவ்வளவுதான். ஓபோக் கரையில் அவருடைய அக்கா மகன் ரோப்லே மீன் பிடிக்கிறான். ஒரு முறை கரை முழுக்கத் தார் ஒதுங்கியபோது ஊர்க்காரர்கள் வாளியால் பன்னிரண்டு நாள் அள்ளினார்கள். வலைகளை எரிக்க வேண்டியதாயிற்று. யாரும் ஒரு பிராங்க் கொடுக்கவில்லை, ஏனென்றால் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் பென்சில் போட்ட வட்டத்துக்குள் இருந்தது அன்றைய தேதி. நேரம், ஜிபூட்டி கணக்கில் மாலை ஆறு. முதல் நாள் பிற்பகல், அலுவலகம் பூட்டிய பிறகு, அந்த வரைவின் இறுதி வடிவத்தை ஜெனீவாவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஆறு மணிக்குள் எந்த நாடும் எழுத்தில் மறுக்காவிட்டால் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் பேச்சு மீண்டும் திறக்கும். முன்பக்கத்துக்குப் போனார். அவருடைய வாக்கியம் இருந்த இடத்தில் இப்படி இருந்தது: செலவைக் கப்பலும் கரை நாடும் பகிர்ந்துகொள்ளலாம்.

எட்டு மணிக்கு நான்கு வரி மறுப்புக் கடிதம் தயார். ஆனால் அமைப்பு ஏற்றுக்கொள்வது ஹூமெட்டின் கையெழுத்தை மட்டும்தான். ஹூமெட்டோ துறைமுகத்தில், கப்பல்கள் நிறைய வைத்திருக்கும் ஒரு பெரிய நாடு இனாமாகக் கொடுத்த இழுவைப் படகை வரவேற்றுக்கொண்டிருந்தார். தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு மணிக்கு, ஊரே பிற்பகல் முழுக்க மென்று கிறங்கும் காத் இலை வந்து இறங்கியதும் தெருவெல்லாம் ஹாரன் சத்தம், பிறகு அடங்கிவிட்டது. அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு அயான்லே இயக்குநர் வீட்டுக்குப் போனார்.

இலை மெல்லும் கூடத்தில் ஹூமெட் திண்டில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ரயாலே.

"வாய்யா அயான்லே. செருப்ப உள்ள தள்ளி விடு, ஆடு தின்னுரும்."

"ஒரு கையெழுத்துதான் ஐயா. நின்னுட்டே வாங்கிட்டுப் போயிடுறேன்."

"கையில இலை இல்லாம தாள நீட்டுறவன் போலீஸ்காரனாத்தான் இருப்பான்" என்றார் ரயாலே. "மொதல்ல உக்காரு."

முதல் ஒரு மணி நேரம் அங்கே யாரும் வேலைப் பேச்சு எடுப்பதில்லை. மீறினால் வீட்டுக்காரரை அவமதித்த மாதிரி. அயான்லே உட்கார்ந்தார். இலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். கசந்தது.

மூன்று மணிக்கு ஹூமெட் தானாகவே கையை நீட்டினார். படித்து முடித்ததும் முகம் சிவந்தது.

"என்னய்யா இது, நாலே வரி? எவன் வீட்டுக் கடல்னு நினைச்சுட்டானுங்க? ரெண்டு பக்கம் எழுதணும். சரித்திரத்துலேர்ந்து ஆரம்பி."

"நாலு வரி போதும் ஐயா. மறுக்குறோம்னு இருந்தாப் போதும்."

"சூயஸ் வெட்டுனதுலேர்ந்து எழுதச் சொல்லு" என்றார் ரயாலே. அதற்குப் பிறகு சூயஸ் ஒரு மணி நேரம் ஓடியது.

நாலரைக்கு ஹூமெட்டின் குரல் தணிந்தது. தேநீர்க் கோப்பையை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"வேற யாரு எழுதுறாங்க?"

"தெரியல ஐயா. கேக்க நேரமில்ல."

"நாம மட்டும்னா? காலையிலதான் படகு குடுத்தவங்களோட கை குலுக்கிட்டு வந்திருக்கேன். சாயங்காலம் இத அனுப்புனா என்ன நினைப்பாங்க?"

"ஒருத்தர் எழுதுனாப் போதும்னு போட்டிருக்கு."

"அந்த ஒருத்தர் ஏன் நாமளா இருக்கணும்?"

அயான்லேயிடம் பதில் இருந்தது. ஓபோக், வாளி, பன்னிரண்டு நாள். ஆனால் கூடம் அதற்குள் பேச்சு ஓய்கிற நேரத்துக்கு வந்துவிட்டது. ஆளாளுக்குச் சுவரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் குரலெழுப்பியவனை யாரும் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். கடிதம் ஹூமெட்டின் முழங்காலில் கிடந்தது, மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை எழுந்து எழுந்து படிந்தது. மூன்று தடவை அயான்லே பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். ஹூமெட் பேனாவைப் பார்த்தார், வாங்கவில்லை.

தொழுகைக்கு அழைப்பு கேட்டது. மணி ஆறு தாண்டியிருந்தது.

"அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் ஹூமெட்.

"அடுத்த கூட்டத்துல இதுக்குப் பேச்சே கிடையாது ஐயா. நாம ஒத்துக்கிட்டாச்சு."

தெருவில் இறங்கியதும் ரோப்லே அழைத்தான்.

"மாமா, நம்ம வாக்கியம் இந்த வாரம் முடிவாயிடும்னீங்களே. வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. கொஞ்சம் மாத்திட்டாங்க."

"எப்படி?"

"செலவைப் பகிர்ந்துக்கலாம்னு."

"யாரோட?"

அயான்லே சிக்னல் சரியில்லை என்றார்.

ஏழு மாதம் கழித்து, வருடாந்திரக் கூட்டத்தில் காபி வரிசையில், கொமொரோ தீவுகளின் எஷாத்தா அவர் முன்னால் நின்றாள். அவளும் தன் நாட்டுக்கு ஒற்றை ஆள்.

"அண்ணே, அந்த வியாழக்கிழமை நீங்க எங்க போனீங்க? ரெண்டரை மணிக்கு உங்க ஆபீசுக்கு நாலு தடவை போன் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"எதுக்கும்மா?"

"மறுப்புக் கடிதத்த டைப் பண்ணி எங்க ஐயா மேசையில வச்சிருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, ஜிபூட்டி எழுதிடுச்சான்னு."