இஹ்ராமில் இருப்பவர்கள் சண்டை போட மாட்டார்கள்

நான், என் வீட்டுக்காரர், மகள் சல்மா. வண்டியில் இருந்தது இந்த மூன்று பேர்தான்.

தம்மாமிலிருந்து மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டோம். இன்று காலை தாயிஃப் தாண்டி, இவர் வெள்ளைத்துணி உடுத்தி, எல்லோரும் இஹ்ராம் கட்டிய பிறகு, வழியில் ஒரு பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம்.

எங்கே போட்டாலும் மீட்டரில் பூஜ்யம் பார்ப்பது என் வழக்கம். இங்கே முந்தைய வண்டியின் கணக்கை அழிக்காமலே எண்கள் ஓட ஆரம்பித்தன.

"பாய், ஜீரோ கரோ" என்றேன். பெட்ரோல் போடுகிறவன் காதில் வாங்கவில்லை.

"ஏங்க, நாப்பது ரியால்லேர்ந்து ஆரம்பிக்கிறான், கேளுங்க."

"இஹ்ராம் கட்டிக்கிட்டு சண்டையா? விடும்மா" என்று இவர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்.

வாங்கியவன் தமிழில் பேசினான். "அக்கா, நம்ம ஆளுங்களா? மன்னிச்சிருங்க. நான் ராமநாதபுரம். சம்பளம் வந்து மூணு மாசமாச்சு. வெள்ளைத்துணி கட்டினவங்க சண்டைக்கு வர மாட்டாங்கன்னுதான்... கம்பெனில சொல்லிராதீங்கக்கா. கபீல் முதலாளி ஊருக்கு ஏத்தி விட்ருவான்."

பணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

ஹரம் பள்ளிவாசலில் துஆவுக்குக் கை ஏந்தினால் அவன் முகம்தான் வந்தது. கூடவே, எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்ற உம்ரா வண்டிகளும்.

நாளை அதே வழியாகத் திரும்புகிறோம். இஹ்ராம் களைந்தாயிற்று, சண்டை போட இனித் தடையில்லை, மனம்தான் வரவில்லை.

கம்பெனியில் சொல்வதா, விடுவதா? விடிந்ததும் கிளம்புவோம். அதற்குள் பதில் சொல்லுங்கள்.