ஒட்னியின் ஆறரை

எங்கள் ரென்டாலன் பள்ளத்தாக்கில் யாரோடாவது சண்டை மூட்ட வேண்டுமென்றால் அரசியலை இழுக்கத் தேவையில்லை. "வேட்டைக்கும் குறிசுடுறதுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கின்னா எந்தக் காலிபர்?" என்று, அதாவது குழலின் விட்டம் எவ்வளவு என்று, கேட்டால் போதும். அன்றைக்கு அந்த வீட்டில் காப்பி ஆறிப்போகும்.

ஒட்னி இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அதிகம் பேசாதவள். இந்த வசந்தத்தில் பேசாமல் போய், காலஞ்சென்ற கணவனின் பெரிய துப்பாக்கியையும் குறிசுடும் மைதானத்துக்கென்று வைத்திருந்த கனமான துப்பாக்கியையும் விற்றுவிட்டு, ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தாள். மூஸ் என்னும் பெரிய காட்டு மானுக்கும் அதுதான், மைதானத்தின் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பலகைக்கும் அதுதான்.

"ரெண்டு துப்பாக்கின்னா ரெண்டு பழக்கம். எனக்கு ஒண்ணு போதும், என் கை மாதிரி அதைத் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள். பெரிய துப்பாக்கி ஒவ்வொரு முறையும் தோளில் உதைத்த உதையில், விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடப் பழகிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் வேட்டைக் குழுத் தலைவன் டோர்கிரிமுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மரம் அறுக்கிறவன், கதவளவு அகலம். வாலிப வயதிலிருந்து ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டரைத் தவிர வேறு காலிபரைத் தொட்டதில்லை என்பான். அதன் உதையைப் பற்றி மாமியாரைப் பற்றிப் பேசுவதுபோலப் பெருமையும் புலம்பலுமாகப் பேசுவான்.

"ஒட்னி, அது காட்டுக்கோழி சுடுற குழாய். ஸ்வார்ட்மீரா சதுப்புக்கு வர்ற மூஸ் அதைப் பாத்து வெக்கப்பட்டு ஓடிடும்."

"ஓடினா உன் பக்கம்தானே வரும், தலைவரே. நீ சுட்டுக்கோ."

"விளையாட்டில்ல. நீ உக்கார்ற அந்தச் சதுப்புதான் நம்ம காட்டுலயே நல்ல இடம். மொத நாள் உன் ஆறரை காலை வாரிச்சுன்னா, இடத்தை என் மருமகனுக்கு விட்டுடணும்."

"விட்டுடறேன்" என்றாள் ஒட்னி.

ஸ்வார்ட்மீரா சதுப்பின் ஓரத்தில் ஒரு சாய்ந்த பைன் மரம் உண்டு. அவளும் அவள் கணவனும் இருபது வருடம் அதன் அடியில் ஒரே பலகையில் உட்கார்ந்து வேட்டைக்குக் காத்திருந்தவர்கள். இப்போது அந்தப் பலகையில் அவள் தனியாக உட்காருகிறாள். அந்த இடம் போனால் அவளுக்கு மூஸ் மட்டுமா போகும்?

ஆகஸ்டில் வேட்டைக்காரர்களுக்கான வருடாந்திரச் சுடும் தேர்வு. காகித மானின் மேல் அவள் சுட்ட ஐந்து தோட்டாவும் என் உள்ளங்கைக்குள் அடங்கும்படி விழுந்தன. நான் கைதட்டினேன், மைதானத்தில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தவர்களும் கரண்டியைத் தட்டினார்கள். டோர்கிரிம் வரவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஏதோ வேலையாம், தேர்வை அங்கேயே முடித்துவிட்டானாம். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேட்டை தொடங்கும் நாளுக்கு முந்தைய மாலை மைதானத்தில் இலையுதிர் காலப் போட்டி. ஒட்னி ஒரு வெள்ளிக் கரண்டியைப் பரிசாக வென்றாள். அந்தச் சந்தோஷத்தில் அதே கோட்டோடு வீட்டுக்குப் போய், மறுநாள் விடியலில் அதே கோட்டோடு காட்டுக்கு வந்தாள்.

நான் குழுவின் நாய்க்காரன். என் நாய் ராப் கயிற்றை இழுத்துக்கொண்டு மோப்பம் பிடித்து, ஒரு ஆண் மூஸ் அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரத் தோப்புக்குள் படுத்திருப்பதைக் காட்டிக் கொடுத்தது. கிளப்பினால் நேராக ஸ்வார்ட்மீராவுக்குத்தான் போகும். ரேடியோவில் மெதுவாகச் சொன்னேன்: "ஒட்னி, உன் பக்கம்தான். தயாரா?"

மறுபடி கேட்டேன்.

"கிளப்பாதே" என்றாள். குரல் வறண்டிருந்தது. "நாயைப் பிடிச்சுக்கோ. என் கோட்டுப் பையில இருக்கிறது நேத்துப் போட்டியோட மைதானத் தோட்டா."

மைதானத் தோட்டாவின் குண்டு முழுக்க உலோகக் கவசம் போட்டது. உடம்புக்குள் விரியாது, ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். அடிபட்ட மிருகம் எங்கோ ஓடி, எப்போதோ சாகும். அதனால் வேட்டைக்கு அது கூடவே கூடாது. சட்டமும் அதையேதான் சொல்கிறது. அவளுடைய வேட்டைத் தோட்டாக்கள் சமையலறையில் வாஃபிள் கல்லுக்குப் பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருந்தன. துப்பாக்கி இரண்டாக இருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது.

அவள் சும்மா இருந்திருக்கலாம். மூஸ் கண்ணில் படவில்லை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? பொய் சொல்ல அவளுக்கு வராது. எனக்கு அவள்மேல் மரியாதையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

"யாருகிட்டயாவது ஆறரை வேட்டைத் தோட்டா இருக்கா?" என்று கேட்டாள்.

"மூஸ் கிட்ட கேட்டுப் பாரு!" இது கோல்பெய்ன், எங்கள் குழுவின் வம்புக்காரன். "தலைவரே, மருமகனுக்குச் சொல்லி அனுப்பு. பலகை காலி!"

டோர்கிரிமின் இடம் ஒட்னிக்கு அடுத்த மேட்டில்தான். அங்கிருந்து ரேடியோவில் ஒரு செருமல்.

"என்கிட்ட இருக்கு."

"என்ன இருக்கு?" என்றான் கோல்பெய்ன்.

"ஆறரைதான். காது கேக்கலையா உனக்கு? எல்லாரும் வாயை மூடுங்க. ஒட்னி, அங்கேயே இரு, கொண்டாரேன்."

நான் ராப்பின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தேன். நாய் என்னை விசித்திரமாகப் பார்த்தது.

அவன் மேட்டை இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினான். "இப்போ கிளப்பு" என்றாள் ஒட்னி. நான் தோப்புக்குள் நடந்தேன், கிளைகள் முறிந்தன, மூஸ் எழுந்து போனது. ஒரே ஒரு வெடி. பிறகு அவள் குரல், முழுச் சிரிப்போடு: "விழுந்துடுச்சு. நின்ன இடத்துலயே."

மாலையில் இரும்புச் சட்டியில் வெண்ணெயும் வெங்காயமுமாக மூஸின் இதயம் வெந்துகொண்டிருந்தது. டோர்கிரிமின் முகத்தில் அசடு வழிந்தது. அவன் கையிலிருந்தது புதுத் துப்பாக்கி: பழையதன் அதே கம்பெனி, அதே மரக்கட்டை, குழல் மட்டும் ஆறரை. போன குளிர்காலத்திலேயே வாங்கிவிட்டானாம். எங்கள் கண்ணில் படாமலிருக்கத்தான் தேர்வுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு!

"தோள் போயிடுச்சு" என்றான் தரையைப் பார்த்து. "கையை மேலே தூக்க முடியல. இத்தனை வருஷம் ஆறரையைக் கிண்டல் பண்ணிட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது?"

"அப்புறம் ஏன்யா அவ இடத்தைக் கேட்ட?" என்றேன்.

"நான்தான் இன்னும் பழைய டோர்கிரிம்னு காட்டிக்கத்தான். தப்புதான். ஒட்னி, பலகை உன்னோடதுதான். யாரும் கேக்க மாட்டாங்க."

ஒட்னி இதயத்தின் முதல் துண்டை அவன் தட்டில் வைத்தாள். "மைதானத்துக்கு நீ வந்து எவ்வளவு நாளாச்சு?"

"அந்த உதையோட எவன் விளையாட்டுக்குச் சுடுவான்? பத்து வருஷம் இருக்கும்."

அவள் கோட்டுப் பையில் கைவிட்டு, காலையில் மானத்தை வாங்கிய அந்த மைதானத் தோட்டாக்களை அள்ளி அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வா. என் பக்கத்துப் பாய்ல படுத்துச் சுடு."

அவன் வந்தான். குப்புறப் படுத்து முதல் தோட்டாவைச் சுட்டுவிட்டு, தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வலிக்கவில்லை போலும். கதவளவு அகலமான அந்த மனிதன் பாயில் படுத்தபடியே சின்னப் பிள்ளைபோலச் சிரிக்க ஆரம்பித்தான். ஒட்னியும் சிரித்ததில் அவளுடைய அடுத்த குண்டு குறிப்பலகைக்கு வெளியே போயிற்று.