கப்பல்காரர் வீட்டு மாப்பிள்ளை

கப்பல்காரரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் வாய் நிறையப் புகழ்வார்கள். அவருடைய தங்கையை மட்டும் கேட்டுவிடக் கூடாது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகில் எடுபிடியாகத் தொடங்கியவர் அவர். உடைக்கப் போகவிருந்த ஒரு கிழட்டுக் கப்பலை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பெயின்ட் அடித்து ஓட்டினார். அடுத்ததும் கிழடு, அதற்கடுத்ததும் கிழடு. புதுசு என்று ஒன்றே ஒன்று வாங்கினார், அதுவும் தம் கால்பந்து அணியை ஏற்றிப் போவதற்கு.

அணி என்றால் அவருக்கு உயிர். ஆட்டக்காரன் ஒருவனுக்கு முழங்கால் பிசகினால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தவம் கிடப்பார். மைதானத்துக்கு விளக்கு, புல்தரை, வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்று வாரி இறைப்பார். பத்திரிகைக்காரர்கள் வள்ளல் என்று எழுதுவார்கள். எழுதட்டும், அவர்களுக்கென்ன? அந்த வள்ளலின் தங்கை கணவர் ஒரு கேப்டன். வேற்று நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, எஞ்சின் செத்துப்போன கிழட்டுக் கப்பலில் ஒண்டியாகக் கிடந்தார். கப்பல் வள்ளலுடையதுதான்.

துறைமுகக் கட்டணம் கட்டவில்லை என்று கப்பலைப் பிடித்து வைத்திருந்தார்கள். மற்றவர்களை மாலுமிகள் சங்கம் எப்படியோ ஊருக்கு அனுப்பிவிட்டது. பொறுப்பேற்க வேறு ஆள் வரும்வரை கேப்டன் மட்டும் இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆள் அனுப்ப வேண்டியவர் அண்ணன். ஒரு வருஷமாகியும் அனுப்பவில்லை. கேப்டன் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்தார். ரோந்துப் படகு வரும்போது மட்டும் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்.

"யாரோ கூப்பிடற மாதிரியே இருக்கு. சமயத்துல பதிலும் சொல்லிடறேன்" என்றார் ஒருநாள் போனில்.

தங்கை அண்ணனின் அலுவலகத்துக்கு ஓடினாள். சுவர் முழுக்க வெற்றிக் கோப்பைகள்.

"மாப்பிள்ளை என்ன சின்னப் புள்ளையா? சம்பளத்துக்குச் செய்யற வேலைதானே?"

"சம்பளம் எங்கண்ணா வந்துச்சு?"

"இப்ப கையைக் கடிக்குதும்மா. ஃபைனல் முடியட்டும், பார்க்கலாம்."

சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த புது ஜெர்சியைத் தடவிப் பார்த்தார். நிறம் எடுப்பாக இருக்கிறதா என்று அவளிடமே கேட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே வக்கீலிடம் போனாள். சம்பளம் தராத முதலாளியின் வேறு கப்பல் எது நம் துறைமுகத்தில் நின்றாலும், நீதிமன்றம் அதைப் பிடித்து வைக்கலாம் என்றார் வக்கீல். அண்ணனின் கிழட்டுக் கப்பல்கள் உள்ளூர்ப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. காரணம் அவருக்கே வெளிச்சம். ஆனால் வெளியூரில் இறுதி ஆட்டம் என்றால் அணி விமானத்தில் போகாது. "கப்பல்காரன் டீம் கப்பல்லதான் போகும்" என்பது அவருடைய வீம்பு. பேண்டு முழங்க, மேல்தளத்தில் ஆட்டக்காரர்கள் வரிசை கட்டி நிற்க, நடுநாயகமாக நின்று கையசைப்பார்.

அன்று காலையும் அப்படித்தான் நின்றார். ஏணியை எடுக்கப் போகும் நேரத்தில் நீதிமன்ற ஊழியர் மேலே ஏறி, கப்பலை ஓட்டும் அறையின் கண்ணாடியில் தடை உத்தரவை ஒட்டினார். பேண்டு நின்றுபோனது. அண்ணன் தடதடவென்று இறங்கி வந்தார்.

"கூடப்பிறந்தவளா நீ? நாளைக்கு மேட்ச்டி!"

"அவரை இறக்குங்க."

"குடும்ப மானத்தையே கப்பலேத்திட்டியே!"

"ஏத்தலை. கப்பலோட புடிச்சு வெச்சிருக்கேன்."

வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். மேனேஜரை வாய்க்கு வந்தபடி ஏசினார். கப்பல் கிடந்த ஊரிலேயே ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் கிடைத்தார். கட்டணம், சம்பளப் பாக்கி, விமானச் சீட்டு எல்லாம் மளமளவென்று நடந்தன. சாப்பாட்டு வேளைக்குள் கணவர் கரையிலிருந்து பேசினார். பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டது.

வக்கீல் நீதிமன்றத்தில் சொல்லித் தடையை விலக்கினார். பேண்டு மறுபடி முழங்கியது. "தங்கச்சி குடும்பத்துக்கு எவ்வளவு செய்யறார் பாரு மனுஷன்!" என்று கூட்டத்தில் ஒருவர் உருகினார்.

ஏணியில் கால் வைத்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நெனச்சதைச் சாதிச்சிட்டே. இப்ப சந்தோஷமா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அவரை இறக்கறது அரை நாள் வேலைன்னு தெரிஞ்சுபோச்சேண்ணா. இனிமே உங்களை நான் எப்படி மன்னிக்கிறது?"