கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம்

எங்கள் வீட்டு கேஸ் ஹீட்டரை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழற்றிப் பார்ப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. பி.இ. முடித்துவிட்டு, எழுதிய பரீட்சைகளுக்கு முடிவு வராமல் அல்லிநகரத்து வீட்டில் கிடந்த காலம் அது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையில் வெள்ளைப் பொருக்கு கட்டிக்கொள்ளும். அதை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுவேன். பர்னரைப் பழைய டூத் பிரஷால் தேய்ப்பேன். அடியில் இருக்கும் பேட்டரிகளைத் துடைத்துத் திரும்பப் போடுவேன். பிறகு குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று பொறி தட்டி, குப்பென்று பற்றி, ஓர் இரைச்சலோடு எரியும். முன்பக்கத்துச் சின்னத் துளை வழியாகக் குனிந்து பார்ப்பேன். நீலம். சுத்தமான நீலம். அதைப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்த ஹீட்டர் எங்கள் வீட்டுக்கு வரக் காரணம் காற்றுதான். ஆனி பிறந்தால் கம்பம் பக்கமிருந்து கிளம்பும் காற்று ஆடி முடிகிறவரை ஓயாது. முருங்கை முறியும், தகரம் பறக்கும், கரண்டு போகும். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தினமும் வெந்நீர் வேண்டும், கரண்டை நம்ப முடியாது என்று அப்பா இதை வாங்கிவந்தார். வெளிச்சுவரில் மாட்ட வேண்டும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. வெளியே மாட்டினால் இந்தக் காற்றில் நெருப்பு நிற்காது என்று சொல்லி, மாட்ட வந்தவர் குளியலறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போனார்.

"அதான் மேல ஜன்னல் இருக்குல்ல. போதும்."

ஜன்னல் இருந்தது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவோடு வந்த அன்றே அம்மா ஒரு பழைய நூல்சேலையை உருட்டி அதில் திணித்துவிட்டாள். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பிடுங்கினேன்.

"ஏலே, எதுக்குடா அதை எடுக்குற? பச்சை உடம்புக்காரி குளிக்கிற எடம். காத்தடிச்சா சன்னி கண்டுரும்."

"காத்து வரலேன்னா தீ அரைகுறையா எரியும்மா. விஷப் புகை வரும். அதுக்கு வாசமும் கெடையாது, நெறமும் கெடையாது."

"வாசமில்ல, நெறமில்ல, கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் அது இருக்குன்னு உன்கிட்ட யாரு வந்து சொன்னா?"

"சன்னி மட்டும் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?"

"தெரியும். எந்தங்கச்சிக்குப் பாத்தேன்."

சித்தி ஒருத்தி பிரசவமான பத்து நாளில், ஓர் ஆடி மாதத்தில் செத்துப்போனாள் என்று தெரியும். அம்மா அதைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை.

சாயங்காலம் நான் சேலையை எடுப்பேன், காலையில் அது திரும்ப அங்கே இருக்கும். இப்படியே போயிற்று. ஹீட்டரை ஓடவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுத் துளையைக் காட்டினேன், அரைகுறையாக எரியும் தீ மஞ்சளாக இருக்கும், அது தெரிந்தால் நம்புவாள் என்று. நீலமாகத்தான் எரிந்தது.

"நல்லாத்தான எரியுது? நீதான ராசா நீலம் நீலம்னு குதிச்ச?"

நான் பார்க்கும்போதெல்லாம் கதவு திறந்திருந்தது. அவர்கள் குளிக்கும்போதெல்லாம் கதவு சாத்தியிருந்தது. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கச் சில நாள் ஆயிற்று. அதற்குள் குளித்துவிட்டு வரும் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தாள். தூக்கம் பத்தவில்லை என்றாள் அம்மா. ஒரு காலையில் ஹீட்டருக்குக் கீழே பல்லியொன்று வயிறு வெளுத்து மல்லாந்து கிடந்தது. அம்மா அதை விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள்.

அந்த வாரம்தான் அக்காவின் மாமியார் பாப்பாவைப் பார்க்கக் கடமலைக்குண்டிலிருந்து வந்தார்கள். கால் கழுவப் போனவர்கள் குழாயடியிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஆத்தாடி! கரண்டு இல்லாமயா இம்புட்டுச் சூடு வருது?"

"ஆமா மதினி, தட்டுனா போதும்" என்றாள் அம்மா. பெருமை தாங்கவில்லை.

அவர்கள் போன மறுநாள். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தண்ணீர் ஊற்ற அம்மாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். அடுத்துப் பாப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும். அவள் தொட்டிலில் கிடந்தாள். கரண்டு போயிற்று.

"ஏலே, அந்த லைட்ட எடுத்துட்டு வா, உள்ள கும்மிருட்டா இருக்கு" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

எமர்ஜென்சி விளக்கைத் தேடி எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தேன். தட்டினேன். பதில் இல்லை. கதவுக்கு அடியில், ஈரத்தரையில், வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். மெழுகுவர்த்தி இருந்தால் அம்மா என்னிடம் எதற்கு விளக்குக் கேட்கிறாள்? அந்த வெளிச்சம் ஹீட்டருடையது. நீலம் இல்லை. பழுத்த மஞ்சள்.

"அம்மா! கதவத் திற!"

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அக்கா பேசினாள், எங்கோ தூரத்தில் இருப்பதுபோல.

"சும்மா இருடா... கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

குளித்துக்கொண்டிருந்தவள் தூங்குகிறேன் என்றாள். பிளாஸ்டிக் கதவுதான், இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. கொடியில் கிடந்த துண்டை உள்ளே வீசிவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நுழைந்து குழாயை மூடினேன். அம்மா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் குவளை அப்படியே இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அக்காவை முதலில் இழுத்து வந்தேன், பிறகு அம்மாவை. முற்றத்தில், அந்த ஆடிக் காற்றில், இரண்டு பேரையும் கிடத்தினேன். எந்தக் காற்றுக்குப் பயந்து ஜன்னலை அடைத்தாளோ அதே காற்றை அம்மா வாயைத் திறந்து திறந்து இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்தார்கள். திரும்பி வந்ததும் அம்மா சொன்ன முதல் காரியம் இது:

"அவுக வீட்டுக்கு இது தெரியக் கூடாது. பிள்ளை பெத்தவளை இங்கன கொல்லப் பாத்தோம்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக. பித்த மயக்கம்னு சொல்லிட்டேன். அதுதான் எல்லாருக்கும்."

அக்காவைப் பாப்பாவின் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். ஹீட்டரை நான் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். அதன்பின் அடுப்பில் காய்ச்சிய தண்ணீரைச் சுமந்து ஊற்றினேன். ஐந்தாம் மாதம் அக்கா பாப்பாவோடு கடமலைக்குண்டுக்குப் போனாள். எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை அக்கா போன் செய்தாள். ரகசியம் பேசுகிற குரல்.

"ஏலே, அந்த கேஸ் ஹீட்டரு இருக்குல்ல. அது ஓடாமப் போகணும்னா எதைக் கழட்டணும்? யாருக்கும் தெரியாத மாதிரி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நம்ம வீட்டுதா? அதான் கழட்டியாச்சே."

"நம்மளுது இல்லடா. இங்கன அத்தை ஒண்ணு வாங்கிட்டாக. நம்ம வீட்டுல பாத்த நாள்லருந்து ஆசையாம்."

"எங்கன மாட்டிருக்கு?"

"உள்ளதான்."

"ஜன்னலு?"

"பனிக்கு அட்டை வச்சு டேப்பு ஒட்டிட்டாக. நான் பேட்டரியத் திருப்பிப் போட்டு வச்சேன். உங்க மச்சான் கண்டுபிடிச்சுச் சரியாக்கிட்டாக. நாளையிலருந்து அத்தையே பாப்பாவ உள்ள கொண்டுபோய்க் குளிப்பாட்டப் போறாகளாம்."

"வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானக்கா!"

"என்னன்னு சொல்ல? பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன். அதையும் இதையும் சொல்லிப் பாத்துட்டேன். வாசமில்லாத புகையாம்ல, யாருடி சொன்னான்னு கேக்குறாக."

ஒரு மெஷினை நல்லபடி ஓடவைக்க எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இப்போது தலைகீழாக யோசித்தேன். பொறி தட்டும் ஒயரைப் பிடுங்கலாம், தண்ணீர் வரும் வலையை அடைக்கலாம். எதைச் செய்தாலும் மச்சான் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். நான் பேசிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அம்மா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். போனை என் கையிலிருந்து வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆத்தா, உங்க அத்தைகிட்ட குடு."

அத்தை வந்தார்கள். "என்ன மதினி, காலங்காத்தால?"

"மதினி, அன்னைக்கு எனக்கு வந்தது பித்தமில்ல. அந்த ஹீட்டரு. நானும் உங்க மருமகளும் உள்ள செத்துக் கெடந்தோம். இவன் கதவ ஒடச்சு இழுத்துப் போட்டான். ஜன்னல அடைச்சது நான்தான்."

அத்தை வாய் திறப்பதற்குள் மறுமுனையில் எனக்குப் பழகிய ஒரு சத்தம் கேட்டது. டிக் டிக். குப். அப்புறம் இரைச்சல்.

"அத்தை, உள்ள யாரு?" என்று கத்தினேன்.

"உங்க மச்சான்தான் குளிக்கிறாரு..."

"கதவத் தட்டச் சொல்லுங்க. இப்பவே."

அக்கா ஓடுவது கேட்டது. கதவில் உள்ளங்கை மோதுவது கேட்டது. திரும்பத் திரும்ப மோதியது. அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். கடைசியில், வாயில் சோப்பு நுரை பட்ட குரலில் மச்சான்.

"என்னடி, குளிக்க விடமாட்டியா? கதவ ஒடைக்கிற!"

எனக்கு மூச்சு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது இன்னும் எரியுதுடா" என்றாள். "அந்தச் சத்தம் நிக்கலை."