நீர் இறங்க வேண்டும் என்று கேட்டேன்

முருகனை நம்பி வாழ்கிறவர்கள் கூடியிருக்கிற இந்த இடத்தில் பேச எனக்கு முதலில் மனம் வரவில்லை. கேட்டது கிடைத்தவர்கள் சந்தோஷமாகப் பேசுவார்கள். எனக்கும் கேட்டது கிடைத்தது. ஆனாலும் அதைச் சந்தோஷமாகச் சொல்ல என்னால் முடியாது. என் மனைவி செல்லக்கனிதான், "போய்ச் சொல்லிட்டு வாங்க. நம்மள மாதிரி யாராவது அங்கன இருப்பாவ" என்று அனுப்பி வைத்தாள்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கம் தோணிக்காரர்களுக்குக் கயிறும் தாரும் பாய்த்துணியும் விற்கிறவன் நான். கல்யாணமாகி வெகுகாலம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. செல்லக்கனி ஒவ்வொரு சஷ்டிக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அவளுக்கு நிறைமாதம். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டி வைத்திருந்தேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுது. அடுப்படியில் நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. சேலையெல்லாம் ரத்தம். ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வண்டி முழுக்க ரத்த வாடை.

பிள்ளை இறந்தே பிறந்தது. பெண் பிள்ளை. தலை நிறைய முடி. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. செல்லக்கனிக்கு அப்போது நினைவில்லை. நான்தான் கொண்டு போய் அடக்கம் செய்தேன். கடற்கரை மணல் அல்லவா, தோண்டத் தோண்டக் குழிக்குள்ளேயே சரிந்தது. அன்று அழக்கூட நேரம் இருக்கவில்லை. அவளாவது பிழைத்தாளே என்று ஓடி வந்தேன்.

ஆனால் அவளுக்குச் சிறுநீர் இறங்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் சில சொட்டுகள் வந்தன. மறுநாள் அதுவும் இல்லை. முகம் ஊதியது. ஓயாமல் வாந்தி எடுத்தாள். பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் மயங்கிக் கிடந்தாள். அந்த நிலையிலும் அவளுக்குப் பால் சுரந்தது. நர்ஸம்மா துணி வைத்து மார்பை இறுக்கிக் கட்டினார். அதைப் பார்த்த என் மாமியார் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரத்தம் ரொம்பப் போனதுல இவளுக்குச் சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யாம நின்னுபோச்சு. கழிவெல்லாம் ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கு. இப்படியே விட்டா நாம இவள இழந்திருவோம். வெளிநாட்டுப் பத்திரிகையில ஒரு வழி படிச்சிருக்கேன். வயித்துக்குள்ள குடலச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அதுல முடி மாதிரி ரத்தக்குழாய் நிறைய ஓடுது. உப்பும் சர்க்கரையும் கலந்த சுத்தமான தண்ணிய வயித்துக்குள்ள விட்டா, அந்தக் குழாய்ல இருக்கிற கழிவு தண்ணிக்குள்ள இறங்கும். பெறவு தண்ணிய வெளிய எடுத்திரலாம். திரும்பத் திரும்பச் செய்யணும்."

"நீங்க யாருக்காவது செஞ்சிருக்கியளா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல. பொய் சொல்ல மாட்டேன்."

மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம் மாப்பிள. பெத்த வயிறு இன்னும் ஆறல. அதுல போய் ஓட்ட போடணுமா? வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். எம்பிள்ள எம்மடியில கெடந்து போகட்டும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவள் அவர். ஆனால் என்னால் இன்னொரு முறை மணல் தோண்ட முடியாது. "செய்யுங்க அம்மா" என்றேன்.

தொப்புளுக்குக் கீழே துளை போட்டு ரப்பர் குழாயைச் செருகினார்கள். மேலே தொங்கும் கண்ணாடிக் குப்பியிலிருந்து தண்ணீர் உள்ளே போகும். சிறிது நேரம் கழித்துக் கீழே வைத்த ஜாடியில் வடியும். அந்தக் குப்பிகளை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

முதலில் விட்ட தண்ணீர் முழுதாகத் திரும்பி வரவில்லை. உடம்புக்குள் இறங்கி அவளுக்கு மூச்சு இரைத்தது. டாக்டரம்மா சர்க்கரையைக் கூட்டினார். தண்ணீர் திரும்பி வந்தது, அதோடு வேண்டாத நீரும் வந்தது. முகத்து வீக்கம் வடிந்தது. ஒரு மாலையில் செல்லக்கனி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யாரென்று தெரிந்து பார்த்தாளோ என்னவோ, பார்த்தாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. தெளிவாக வடிந்துகொண்டிருந்த நீர் மங்கலாயிற்று. பிறகு இளஞ்சிவப்பாக வந்தது. நூல்நூலாக ஏதோ மிதந்தது. வயிற்றில் கை வைத்தாலே முனகினாள். டாக்டரம்மா ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இந்தச் சர்க்கரைத் தண்ணி சவ்வுல உள்ள சின்ன ரத்தக்குழாய உறுத்துது அண்ணாச்சி. எல்லாம் சிவந்து வீங்கியிருக்கும். ரத்தத்துல உள்ள சத்தும் சேர்ந்து கசியுது. சர்க்கரையக் குறைச்சா நெஞ்சுல நீர் கட்டும். இப்படியே விட்டா குழாய் தாங்காது."

"இன்னும் எவ்வளவு தாங்கும்?"

"தெரியல. சிறுநீரகம் தானா முழிக்கணும். அதுவரைக்கும் இவள உசிரோட தாக்காட்டி வைக்கத்தான் இதெல்லாம். முழிக்க வைக்க என் கையில ஒண்ணும் இல்ல."

சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகக் கூட்டம் கூட்டமாக நடந்து போன நாட்கள் அவை. "அரோகரா" என்று அவர்கள் போடும் சத்தம் வார்டுக்குள் கேட்டது. மற்ற வருஷங்களில் நாங்களும் அந்தக் கூட்டத்தில் போயிருக்கிறோம். சூடாக்கிய குப்பியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். அந்தச் சூடும் அந்தக் கனமும் பிள்ளையைத் தூக்கினபோது இருந்த மாதிரியே இருந்தன. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அங்கேதான் கேட்டேன். பதிகம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"சண்முகா, பிள்ளையைக் கேட்டோம். கொடுத்து எடுத்துக்கிட்டே. அதப்பத்தி இப்ப நான் பேசல. இவளுக்கு நீர் இறங்கணும். அது மட்டும் போதும்."

சந்நிதியில் நின்று யாரும் கேட்கிற வரமா இது? எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் குப்பி சூடாக்கும்போதெல்லாம் அதையேதான் கேட்டேன். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஜாடியில் வந்த நீர் ரத்தமாகவே இருந்தது. டாக்டரம்மா குழாயை உருவிவிட்டார். "இனி செய்ய முடியாது. செஞ்சா நானே கொன்ன மாதிரி ஆகும்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்குக் கடவுள் மேல் கோபம்கூட வரவில்லை. எல்லாம் விட்டுப்போன மாதிரி இருந்தது. குப்பிகள் காலியாக நின்ற மேஜைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு மாமியார் அலறினார். "மாப்பிள, ஓடி வாங்க! துளை வழியா எல்லாம் ஒழுகுது. மெத்தையே நனைஞ்சு கெடக்கு."

நான் ஓடினேன். எனக்கு முன்னால் டாக்டரம்மா ஓடினார். வயிற்றுக் கட்டைப் பிரித்தார். கட்டு காய்ந்திருந்தது. விரிப்பைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"துளை இல்லம்மா. இது மூத்திரம். உங்க மக நீர் போயிருக்கா."

மாமியார் அந்த நனைந்த விரிப்பை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் வராந்தாவுக்கு வந்து தரையில் விழுந்து கும்பிட்டேன். அன்று கொஞ்சம், மறுநாள் அதைவிட அதிகம் என்று நீர் இறங்கியது. வயிற்று நோவும் மெல்ல அடங்கியது.

இத்தோடு நான் நிறுத்திவிட்டால் நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவள் தெளியத் தெளிய எனக்குப் பயம்தான் கூடியது. எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியுமே.

ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளினாள்.

"அழுத சத்தமே எனக்குக் கேக்கல. போயிருச்சுல்லா?"

தலையாட்டினேன்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"உன்ன மாதிரி. தலை நிறைய முடி."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "நான் பாக்கவே இல்லையே. என்ன எதுக்குக் காப்பாத்துனிய?" என்று கேட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கை என் தலையில் வந்து விழுந்தது.

இன்னொரு பிள்ளை கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உள்ளே சவ்வு அங்கங்கே ஒட்டிக்கொண்டதோ என்னவோ, குனிந்து எழுந்தால் இன்னும் அவளுக்கு வயிறு வலிக்கும். சில மாதங்கள் அவள் கோவில் பேச்சே எடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. தை கழிந்து ஒருநாள் அவளாகவே, "செந்தூருக்குப் போவோம்" என்றாள். சந்நிதியில் அவள் கைகூப்பவில்லை. நின்று அழுதாள். வெளியே வந்து, "அவர்கிட்ட அழத்தான் வந்தேன். வேற யார்கிட்ட போய் அழுவேன்?" என்றாள். அதுவும் கும்பிடுவதுதான் என்று அன்று எனக்கு விளங்கியது.

இப்போது பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாராவது வார்டில் இருந்தால் டாக்டரம்மா இவளுக்கு ஆள் அனுப்புகிறார். இவள் போய்க் கட்டிலருகே உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். இறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டாமல் எடுத்துப் போகக் கூடாது என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சி அதை அங்கே வழக்கமாக்கிவிட்டாள்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. ஆனால் கேட்கக் கூச்சமாக இருப்பதையும் அவரிடம் கேளுங்கள். அழுகை வந்தால் அதையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுங்கள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்து நிற்கிறாள். நான் தெருமுனை திரும்பும் வரைக்கும் நிற்கிறாள். எனக்கு அவர் கொடுத்தது அது. தினமும் வாங்கிக்கொண்டுதான் போகிறேன்.