மத்தியான வார்டில் மூன்றாவது பெண்

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் போனபின் நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். தலத்தெருப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளி அது. அவர்களை ‘மசேர்’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எங்கள் வீடு திருமலைராயன்பட்டினத்தில். சைகோனுக்குப் போய்வந்து வியாபாரம் செய்த வாப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

“நம்ம வூட்டுப் பொம்புளைங்க யாரும் அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சதில்ல. நீ போய் என்ன பண்ணப் போறே?”

“நான் உள்ள இருந்தா வருவாங்க வாப்பா.”

உம்மாதான் முடித்துவைத்தார். “அனுப்புங்க. ஆம்புள டாக்டருகிட்ட காட்ட மாட்டோம்னு வூட்டுலயே வச்சு என் தங்கச்சிய மண்ணுல வச்சோமே, அது போதாதா?”

எங்கள் பள்ளியில் படிக்கப் பெண்கள் குறைவு. பழைய பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நர்ஸ் பள்ளி இருந்தது. அங்கே ஆப்பரேஷன் தியேட்டர் உண்டு, ஆனால் பிரசவம் பார்த்துப் பழக இடம் போதாது. எங்களிடம் அது நேர்மாறு. எல்லையில், பூவத்தில், சுங்கச் சோதனை இருந்த காலத்தில் இரண்டு பள்ளிகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததில்லை. தடை போனதும் எங்கள் பெரிய மசேரும் அவர்களுடைய மேட்ரனும் கூடிப் பேசினார்கள். பெண்களை மாற்றி மாற்றி அனுப்புவது, எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. அப்படித்தான் எங்கள் வகுப்பில் துலுக்க வீட்டுப் பெண்ணாக நானும், மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்களும், அங்கிருந்து வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அங்கிருந்து வந்தவர்களில் ஒருத்தி எனக்குத் தோழியானாள். அவள் அப்பாவும் அம்மாவும் பண்ணை வயலில் கூலிவேலை செய்தவர்கள். அவர்கள் பள்ளி உடுப்பு வெள்ளைப் புடவை, முழுக்கை ரவிக்கை. எனக்கு வெள்ளைக் கவுன், தலைத்துணி. அந்தத் தலைத்துணியைப் பார்த்துத்தான் வாப்பா கொஞ்சம் சமாதானமானார்.

பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள். மரச்சட்டம் போட்ட ஜன்னல்களைச் சாத்தினாலும் கடல் காற்றில் உப்பு உள்ளே வரும். மூலைக் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்த ஒரு மிராசு வீட்டு அம்மா கிடந்தார். என் தோழி தண்ணீர் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். “நீ வச்சுட்டுப் போ” என்பார். வைத்துவிட்டுப் போனால் தொட மாட்டார். நான் போனால் குடிப்பார், அதுவும் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினேன். அந்த அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. முதுகு துடைத்துப் பவுடர் போட்டிருந்தது. ஈரத்துணி கட்டில் கம்பியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரும்மா திருப்பிப் படுக்க வச்சது?”

“அந்தப் பொண்ணுதான். தண்ணியும் குடுத்துச்சு.”

என் தோழி என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாயிருந்தது. சாயங்காலம் அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“நானா? நான் மத்தியானம் வார்டுக்கே போறதில்லியே. அந்த நேரம் உங்க ஸ்கூலு பொண்ணுங்கதான நிக்கிறீங்க?”

எங்களுக்கோ, மத்தியானம் அவர்கள் நிற்கிறார்கள் என்றுதான் நினைப்பு. இரண்டு பக்கமும் அப்படியே நம்பிக்கொண்டு சாப்பிடப் போயிருக்கிறோம். வெயில் உச்சியில் இருக்கும் அந்த நேரத்தில் வார்டில் யாருமே இல்லை.

மற்றக் கட்டில்களில் கேட்டோம். எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஒருத்தி, “புடவை கட்டியிருக்குமே, அது” என்றாள். பக்கத்துக் கட்டில்காரி, “இல்ல, உங்க மாதிரி கவுனு” என்றாள். முகம் எப்படி என்றால் யாருக்கும் சொல்ல வரவில்லை. கை குளிர்ச்சியாக இருக்கும் என்றார்கள், அவ்வளவுதான். பக்கவாதம் வந்து பேச்சுப்போன ஒரு கிழவி நாங்கள் கேட்டதைக் கேட்டுச் சிரித்தாள். அதற்கு முன் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரிய மசேரும், தன் பெண்களோடு இங்கே வந்து தங்கியிருந்த மேட்ரனும் அழைத்து விசாரித்தார்கள். சமையல்காரி, பெருக்குகிறவள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அந்த நேரத்தில் எல்லாரும் வேறெங்கோ இருந்திருக்கிறார்கள். நாங்கள்தான் செய்துவிட்டு மறைக்கிறோம் என்று மேட்ரன் சந்தேகப்பட்டார். “நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் அங்கயே உக்காருங்க. யாரு வர்றானு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் மூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். வெளியே காகம்கூடக் கத்தவில்லை. ஜன்னல் சட்டத்தின் வழியே விழுந்த வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. நான் மனசுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். தோழி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். யாரும் வரவில்லை. கதவு அசையவில்லை.

பேச்சுப்போன கிழவியைத் தற்செயலாகப் பார்த்தேன். அவள் கண் வாசற்படியில் இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்தது. முதல் கட்டில், அடுத்த கட்டில், அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று நின்று வந்தது. கடைசியில் எங்களிடம் வந்து நின்றது. கிழவி என்னையும் பார்க்கவில்லை, தோழியையும் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழி பக்கமிருந்த என் இடது தோளில் சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேட்ரன் வந்து, “யாராவது வந்தாங்களா?” என்று கேட்டார்.

“வரல அம்மா” என்றாள் தோழி.

மிராசு வீட்டு அம்மா கண்ணைத் திறந்தார். “ஏன் வரல? இவ்வளவு நேரம் இந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுலதான உக்காந்திருந்துச்சு. இப்பத்தான் எழுந்து போவுது.”

மேட்ரன் சிலுவை போட்டுக்கொண்டார். தோழிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அம்மா, அந்தப் பொண்ணு எந்தத் தெருன்னு கேட்டீங்களா?”

“கேக்கலியே.”

“கேக்காமயா தண்ணி வாங்கிக் குடிச்சீங்க?”

அந்த அம்மா மோட்டுவளையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, “நாக்கு ஒட்டுது. குடு” என்றார். நான் எழுந்தேன். “நீ இரு. அது குடுக்கட்டும்” என்று தோழியைக் காட்டினார். தோழி அவர் தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்து முடித்ததும் அவள் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்து, “இது சூடா இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தன.

அன்றிலிருந்து மத்தியான நேரத்தில் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு பெண் என்று இருவர் கட்டாயம் வார்டில் நின்றோம். யார் யாருடைய பள்ளி என்ற குழப்பமே வேண்டாம் என்று இரண்டு பள்ளிக்கும் ஒரே உடுப்பு தைத்தார்கள். வெள்ளைப் புடவை, அதன்மேல் எங்கள் தலைத்துணி. வாப்பா அதற்கும் தலையாட்டினார். மறு வருஷம் பட்டினத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் படிக்க வந்தார்கள். பிரசவத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் திரை கட்டிய கோஷா வண்டியில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். அந்த மிராசு வீட்டு அம்மா கோலூன்றி நடந்து வீட்டுக்குப் போனார்.

புது உடுப்பு வந்தபின் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நோயாளியும் பேசவில்லை. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. அவள் வருவது நின்றுவிட்டதா, இல்லை, இப்போது எங்களிலிருந்து அவளைப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியவில்லையா? தோழியிடம் கேட்டேன். “கேக்காத புள்ள” என்று சொல்லிவிட்டு, கிழவியைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு பக்கம் பிடித்தாள். நான் மறுபக்கம் பிடித்தேன். கிழவி கனமான உடம்புக்காரி. அன்றைக்கு அவளைத் தூக்க எங்களுக்குப் பலமே தேவைப்படவில்லை.