அக்காவின் சடை

தேங்காய் எண்ணெயும் மல்லியும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிடும். போன வாரம் சென்னையில் ஒரு குளிர்சாதன அரங்கில் பிரெஞ்சுப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எங்கிருந்தோ வந்தது. படத்தில் ஓர் இளம்பெண் எழுகிறாள், கண்ணாடி முன் நின்று நிதானமாகத் தலை வாருகிறாள், வேலைக்குப் போகிறாள், மறுநாளும் அதேதான். இதில் என்ன கதை இருக்கிறது என்று பக்கத்திலிருந்த தோழி கொட்டாவி விட்டாள். எனக்கோ அழுகை.

திருத்தணியில் எங்கள் அக்காவின் நாட்களும் அப்படித்தான் இருந்தன. இருட்டோடு எழுந்து, இடுப்புக்குக் கீழே தொங்கும் சடையைப் பின்னி, "கம்பெனி பஸ்" பிடிக்க ஓடுவாள். திரும்பி வந்ததும் முடியை அவிழ்த்து என் மடியில் போட்டு, சிக்கெடுக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அந்த வருஷம் எங்கள் "நைனா", அதாவது அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அம்மா மலையைப் பார்த்து, அவர் பிழைத்தால் பெரியவளின் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டாள். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதையெல்லாம் யாரும் கேட்பதும் இல்லை. நைனா பிழைத்தார். வருகிற கிருத்திகைக்கே கொடுத்துவிடலாம் என்று அக்காவும் முகம் சுளிக்காமல் சொன்னாள்.

கெடுத்தவள் நான். பள்ளி ஆண்டு விழாவில் எனக்கு டான்ஸ். அக்கா வர வேண்டும், ஆனால் மொட்டைத் தலையோடு வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிக்கெடுத்தபடியே கெஞ்சினேன்.

"சரி, அழாத. அடுத்த மாசம் குடுத்துக்கலாம். அம்மாவாண்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள். கம்பெனியில் லீவு தரவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னாள்.

விழாவுக்குச் சடை நிறைய மல்லி வைத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது நைனா செத்துப்போனார்.

காரியம் முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அம்மா சொன்னாள்: "முடிதான் ஒனக்குப் பெருசாப் போச்சு. உங்க நைனாவ நீயே முழுங்கிட்ட."

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே ஒழிய வாயைத் திறக்கவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்பதால், அந்த முடியை எண்ணெயும் பூவும் இல்லாமல் வருஷம் முழுக்க அவள் சுமந்தாள். தீட்டு கழிந்ததும் ஏறினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் ஏறி மொட்டை போட்டுக்கொள்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. படம் முடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். என்ன படம் என்று கேட்டாள். ஒரு பெண் தலை வாருகிறாள் என்றேன்.

"அவ்ளோதானா?" என்று சிரித்தாள். "அம்மா பக்கத்துலதான் இருக்குது, குடுக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன்.